ரீலோட் போட்ட காசு எங்கே போகிறது? பொகவந்தலாவைச் சகோதரிக்குப் பதில்

வந்த கடிதம் இது, சற்றே சுருக்கி:

"ஐயா, நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துல மேல்டிவிசன்ல இருக்கேன். கொழுந்து வேலை. வீட்டுக்காரர் கொழும்புல, புறக்கோட்டையில ஒரு கடையில நிற்கிறார். மகள் வர்ற வருசம் சாதாரண தரம் எழுதுறா, ஸூம்ல கிளாஸ் நடக்குது. மாமியார்கிட்ட பட்டன் போன். அக்கா குவைத்துல. எல்லாருக்கும் ரீலோட் போட்டே மாசம் 3,400 ரூபாய் போகுது. எனக்கு 900, வீட்டுக்காரருக்கு 1,100, மகளுக்கு 1,100, மாமியாருக்கு 300. ஆனா யார் போன்லயும் காசு நிற்கிறதில்ல. அவசரத்துக்குக் கடன் எடுத்தா அடுத்த ரீலோட்ல அப்படியே பிடிச்சிர்றாங்க. வீட்டுக்குள்ள சிக்னலும் இல்ல, மகள் மதகுல போய் உட்கார்ந்து படிக்கிறா. ஆளுக்கு ஒரு கம்பனியைச் சொல்றாங்க. எது மலிவு, எந்த சிம் எடுக்கிறதுன்னு சொல்லுங்க."

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். யாருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை. தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024 செப்டம்பரில் வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் 3,400 ரூபாய் என்பது இரண்டரை நாள் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து எடுத்த காசு. அது கண்ணுக்குத் தெரியாமல் கரைவது எனக்கும் பொறுக்கவில்லை.

கையடக்கத் தொலைபேசிக் கோபுரங்களைப் பராமரிக்கும் வேலையில் பதினெட்டு வருடம் அட்டன், மஸ்கெலியா, டயகம, இராகலை என்று இந்த மலைகளில் ஏறி இறங்கியவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: "எந்தக் கம்பனி மலிவு" என்ற கேள்விக்குப் பொகவந்தலாவைக்கு ஒரு பதில், கொட்டகலைக்கு ஒரு பதில். ஒரே தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில், மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும்கூடப் பதில் மாறும். உங்கள் வாசலில் எது பிடிக்கிறதோ அதுதான் உங்களுக்கு மலிவு. பிடிக்காத சிம்மில் பாதி விலைக்கு டேட்டா கிடைத்தாலும், நீங்கள் அதைப் பாவித்து முடிப்பதற்குள் நாள் முடிந்துவிடும். பக்கேஜின் நாட்கள் சிக்னல் இருந்தாலும் ஓடும், இல்லாவிட்டாலும் ஓடும். மலைநாட்டில் காசு அதிகமாக வீணாவது இங்கேதான் என்பது என் எண்ணம். கொழும்புக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதனால் கொழும்பில் இருந்து வருகிற விளம்பரமும் இதைச் சொல்வதில்லை.

ஏன் இப்படி என்று சொல்கிறேன். கோபுரத்தில் இருந்து வரும் அலை ஏறக்குறைய வெளிச்சம் மாதிரி. நடுவில் மலை நின்றால் பின்பக்கம் நிழல். குறைந்த அலைவரிசை, உதாரணமாக 900 மெகாஹேர்ட்ஸ், கொஞ்சம் வளைந்து பள்ளத்துக்குள்ளும் இறங்கும், தூரமும் போகும். 1800, 2100 போன்றவை கூடுதலான டேட்டாவைச் சுமக்கும், ஆனால் மேடு பள்ளத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடும். மாமியாரின் பட்டன் போனில் கோல் எடுக்க முடிகிற அதே இடத்தில் மகளின் டச் போனில் வகுப்பு ஓடாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று கூரை. லயத்துத் தகரம் அலையைத் திருப்பி அடிக்கும். வாசலில் மூன்று கோடு காட்டிய போன் அடுப்படிக்குப் போனால் ஒரு கோடாக இறங்குவது போனின் பழுதும் இல்லை, சிம்மின் பழுதும் இல்லை.

பனிமூட்டம் வந்தால் சிக்னல் போகும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கையடக்கத் தொலைபேசி அலைகளை மூடுபனி அவ்வளவாகத் தடுப்பதில்லை. மழைக்காலத்தில் சிக்னல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் கோபுரத்துக்கு மின்சாரம் போவதுதான். மரம் விழுந்து வயர் அறுந்தால், பட்டரி தீரும்வரை கோபுரம் நிற்கும், பிறகு ஓய்ந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததே, அப்போது எந்தப் பட்டரியும் அவ்வளவு நேரம் தாங்கவில்லை. டீசலும் கிடைக்கவில்லை. ஜெனரேட்டருக்குக் கலனைத் தூக்கிக்கொண்டு தேயிலை மலைக்குள் ஏறிய நாட்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண்சரிந்தபோதும் பல இடங்களில் போன் ஊமையாகிப் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இதைப் பற்றிக் கடைசியில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிக் கம்பனிகள். ஒரு காலத்தில் ஐந்து இருந்தன. எட்டிசலாட்டை 2018இல் ஹட்ச் சேர்த்துக்கொண்டது. எயார்டெல் 2024 ஜூனில் டயலொக்கோடு சேர்ந்தது. இன்று உங்கள் முன்னால் இருப்பது மூன்று: டயலொக், மொபிடெல், ஹட்ச். ஆகவே டயலொக்கின் 077 ஒன்றும் பழைய எயார்டெலின் 075 ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டு "எங்க வீட்ல ரெண்டு கம்பனி சிம் இருக்கு" என்று நம்பியிருக்க வேண்டாம். பெயர் இரண்டு, வீடு ஒன்று.

இந்த மூன்றில் எது உங்கள் லயத்தில் பிடிக்கிறது என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. கம்பனியின் சிக்னல் வரைபடத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. படத்தில் முழுப் பொகவந்தலாவையும் ஒரே நிறத்தில் இருக்கும், உங்கள் லயம் மலைக்குப் பின்னால் இருக்கும். ஆனால் உங்களால் ஒரு வாரத்தில் கண்டுபிடிக்க முடியும். காசும் அதிகம் போகாது. உங்கள் லயத்திலேயே மூன்று கம்பனி சிம்மும் பாவிக்கிறவர்கள் இருப்பார்கள். கேட்டால் தருவார்கள், ஐந்து நிமிடத்துக்குத்தானே. அந்த போன்களை உங்கள் வாசலில், மகள் படிக்கிற இடத்தில், மாமியாரின் கட்டில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முக்கியமானது நேரம். காலை பதினொரு மணிக்குப் பார்த்து ஏமாறாதீர்கள். அப்போது எல்லாரும் மலையில் நிற்பார்கள், கோபுரம் காலியாக இருக்கும். இரவு ஏழரைக்குப் பாருங்கள். முழுப் பள்ளத்தாக்கும் வீட்டுக்கு வந்து ஒரே கோபுரத்தைப் பிடித்து இழுக்கிற நேரம் அது. நான்கு கோடும் நிறைந்திருக்கும், யூடியூப் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கோடு என்பது கோபுரம் உங்கள் காதுக்கு எட்டுகிறது என்பதற்கு அடையாளம். அதற்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்கிறதா என்பதை இரவு ஏழரைதான் சொல்லும். போனின் மூலையில் 4ஜி என்று வருகிறதா, பழைய, மெதுவான இணைப்பைக் காட்டுகிற ஈ அல்லது எச் என்று மாறி மாறி வருகிறதா என்றும் பாருங்கள். மகளின் வகுப்புக்கு 4ஜி நின்று பிடிக்க வேண்டும். 5ஜி என்று யாராவது ஆசை காட்டினால் இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள்.

மகள் மதகில் உட்கார்ந்து படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் கடந்து போக முடியவில்லை. கொரோனாக் காலத்தில் பதுளைப் பக்கம் பிள்ளைகள் சிக்னலுக்காகப் பாறையிலும் மரத்திலும் ஏறியதை நாடே செய்தியில் பார்த்தது. இன்னும் நம் பிள்ளைகள் இருட்டில் மதகுக்குப் போகிறார்கள். ஒரு வழி சொல்கிறேன், செய்து பாருங்கள். உங்கள் டச் போனை ஜன்னலிலோ வாசல் நிலைக்கு மேலேயோ, மழை படாத இடத்தில், சிக்னல் நன்றாக வருகிற இடமாகப் பார்த்து ஒரு துணிப்பையில் தொங்கவிடுங்கள். அதில் ஹொட்ஸ்பொட்டை இயக்குங்கள். மகள் தன் போனை அந்த வைபையில் இணைத்துக்கொண்டு உள்ளே விளக்கடியில் உட்கார்ந்து படிக்கலாம். ஒரு லயக்காம்பரா தூரத்துக்கு வைபை தாராளமாக வரும். டேட்டா ஒரே அளவுதான் போகும். ஹொட்ஸ்பொட்டுக்கு மறைச்சொல் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பையன் உங்கள் டேட்டாவில் கிரிக்கெட் பார்ப்பான். இப்படிச் செய்யும்போது டேட்டா பக்கேஜ் தொங்குகிற போனில் இருக்க வேண்டும், மகளின் போனில் அல்ல. ஆகவே உங்கள் இருவருக்கும் தனித்தனி டேட்டா போடுவதை விட்டு ஒன்றாகவே போடலாம். அங்கேயே ஒரு தொகை மிஞ்சும்.

இப்போது ஒழுகல். நீங்கள் கொடுக்கிற 3,400இல் ஒரு நல்ல பங்கு கோலுக்கும் டேட்டாவுக்கும் போகவே இல்லை என்பது என் ஊகம். என் அம்மாவின் போனில் ஒரு தடவை இதைக் கண்டுபிடித்தேன். ஏதோ ஒரு எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, அம்மா தவறுதலாக ஒரு பட்டனை அழுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து நாளுக்குச் சில ரூபாய், கோல் எடுக்கிறவர்களுக்குக் கேட்கிற பாட்டுக்காகக் கழிந்துகொண்டே இருந்தது. ஐந்து மாதம். அம்மாவுக்கு வருவது எங்கள் கோல் மட்டும்தான், அந்தப் பாட்டை நாங்களும் கவனித்ததில்லை. மாமியாரின் 300 ரூபாய் எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது. நம் நாட்டில் வருகிற கோலுக்குக் காசு இல்லை. மகன் கொழும்பில் இருந்து எடுத்தால் அவருக்கு ஒரு சதமும் செலவில்லை. பிறகு எப்படி 300 போகிறது? நாளைக்கே அந்த சிம் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து, தமிழைத் தெரிவு செய்து, இப்படிக் கேளுங்கள்: "இந்த நம்பரில் என்னென்ன சேவைகள் ஓடுது? எல்லாத்தையும் நிறுத்துங்க." பாட்டு, ராசிபலன், செய்தி, கிரிக்கெட் ஸ்கோர், போட்டி, எதுவாக இருந்தாலும். நிறுத்தியதற்கு எஸ்எம்எஸ் வரும், அதை அழிக்காதீர்கள். உங்கள் போன், கணவரின் போன், மகளின் போன் எல்லாவற்றுக்கும் இதையே செய்யுங்கள். நிறுத்தச் சொன்ன பிறகும் கழிந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1900க்கு முறையிடலாம். முதலில் கம்பனியிடம் முறையிட்ட திகதியும் அவர்கள் தந்த இலக்கமும் கையில் இருக்கட்டும்.

அடுத்த ஒழுகல் பக்கேஜ் முடிந்த பிறகு. டேட்டா தீர்ந்ததும் போன் சும்மா இருக்காது. மெயின் பலன்ஸில் கையை வைக்கும். பக்கேஜ் இல்லாத டேட்டா எப்போதும் விலை கூட. நீங்கள் 100 ரூபாய் போட்டு, போன் சட்டைப்பையில் இருக்கும்போதே வட்ஸ்அப் குரூப்பில் யாரோ அனுப்பிய குட்மோர்னிங் வீடியோ இறங்கி, மாலையில் கோல் எடுக்கப் பார்த்தால் காசில்லை என்று வருவது இதனால்தான். பக்கேஜ் முடிந்தால் மெயின் பலன்ஸில் இருந்து டேட்டா எடுக்க வேண்டாம் என்று அதே வாடிக்கையாளர் சேவையில் சொல்லி நிறுத்த வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் டேட்டா சுவிட்சைப் பாவிக்காதபோது அணைத்து வையுங்கள். வட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை செட்டிங்ஸில் நிறுத்தலாம், பேஸ்புக்கில் வீடியோ தானாக ஓடுவதையும் நிறுத்தலாம். மகளுக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரு மாலை உட்கார்ந்து வீட்டில் உள்ள எல்லாப் போனிலும் செய்து தரச் சொல்லுங்கள்.

கடன் விடயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அவசரக் கடன் என்பது சும்மா தருகிற உதவி இல்லை, அதற்குச் சேவைக் கட்டணம் உண்டு. மாதத்துக்கு ஆறு தடவை எடுத்தால் ஆறு தடவை கட்டணம். அதோடு, கடன் இருக்கும்போது ரீலோட் போட்டால் முதலில் கடன் கழிகிறது, மிச்சத்துக்குப் பக்கேஜ் வாங்கக் காசு போதாமல் போகிறது, பக்கேஜ் இல்லாமல் பேசுகிறீர்கள், அது விலை கூட, காசு தீர்கிறது, மறுபடி கடன். கடைக் கொப்பியில் ஏறிய கடன் மாதிரியே இது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கடனை அடைத்துவிட்டு, பிறகு உயிர்போகிற அவசரத்துக்கு மட்டும் தொடுங்கள். ஆம்புலன்சுக்கு 1990, அதற்குக் கட்டணமே இல்லை. ஆகவே "அவசரத்துக்கு" என்று நாம் சொல்வதில் பாதி அவசரமே இல்லை.

பக்கேஜைத் தெரிவு செய்வது எப்படி? விலைகளை இங்கே நான் எழுதப்போவதில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது மாறியிருக்கும். 2022 செப்டம்பரில் கட்டணங்கள் 20 வீதம் ஏறின. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இன்னும் மாறும். கணக்குப் போடும் விதம் மட்டும் மாறாது, அதைச் சொல்லித் தருகிறேன்.

ஒவ்வொரு பக்கேஜையும் மாதக் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். சும்மா ஓர் உதாரணத்துக்கு, நாளுக்கு 50 ரூபாய் டேட்டா என்று வைத்துக்கொள்வோம். கையில் கொடுக்கும்போது பாரமாகத் தெரியாது. முப்பது நாளைக்கு 1,500. அதையே வாரப் பக்கேஜாக 250க்குப் போட்டால் மாதத்துக்கு நான்கேகால் தடவை, ஏறக்குறைய 1,060 ரூபாய் வரும். முப்பது நாள் பக்கேஜ் 800க்கு இருந்தால் அது ஒரே தடவை. சின்னப் பொட்டலத்தில் சீனி வாங்குகிறவர்கள்தான் கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறார்கள், இங்கேயும் அப்படியே. சம்பளம் கையில் வருகிற பத்தாம் திகதி முழுத்தொகையாக ஒதுக்குவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மாமியாருக்குப் போடுவதைக் குறைத்து, கடன் கட்டணத்தையும் நிறுத்திய மாதத்தில் அந்தக் காசை வைத்துத்தான் மகளின் முப்பது நாள் பக்கேஜை முதல் தடவை வாங்க வேண்டும். அடுத்த மாதத்தில் இருந்து கை தானாக இளகும். 28 நாள் பக்கேஜ் என்று ஒன்று இருந்தால் விலையைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று தடவை போட வேண்டிவரும்.

வாங்குவதற்கு முன் கடைக்காரத் தம்பியிடம் சில கேள்விகள் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். விலை வரியோடா, வரி இல்லாமலா? பேசுகிற நிமிடங்கள் அதே கம்பனிக்கு மட்டுமா, எல்லாக் கம்பனிக்குமா? ஒரு நாள் என்றால் 24 மணி நேரமா, இன்று நள்ளிரவு வரையா? பத்து ஜிபி என்று எழுதியிருப்பதில் எத்தனை ஜிபி இரவில் மட்டும்? விடியற்காலை நான்கரைக்கு எழும்பிச் சமைத்துவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, போகிற குடும்பத்துக்கு நள்ளிரவு டேட்டாவால் ஒரு பயனும் இல்லை. வட்ஸ்அப், பேஸ்புக்குக்கு மட்டும் என்று மலிவாக ஒன்று விற்பார்கள். அதில் வட்ஸ்அப் கோல் அடங்குமா, எழுத்து மட்டுமா என்று கேளுங்கள். ஸூம் அதில் அடங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மகளின் சிம்முக்கு அதை வாங்க வேண்டாம்.

மகளின் வகுப்புக்கு எவ்வளவு டேட்டா தேவை என்று ஒரு மதிப்பீடு. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 26 மணி நேரம். ஸூமில் எல்லாப் பிள்ளைகளின் முகமும் ஓடினால் மணிக்கு ஒரு ஜிபி வரை இழுக்கும். திரையில் பாடக் குறிப்பும் ஆசிரியரின் குரலும் மட்டும் வந்தால் அதில் கால்பங்கு கூட ஆகாது. ஆகவே ஆசிரியரிடம் மகளோ நீங்களோ ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "சேர், வகுப்பு நேரத்தில எல்லாரும் வீடியோவ ஓஃப் பண்ணலாமா? டேட்டா மிச்சமாகும்." உங்கள் மகளுக்கு மட்டுமல்ல, அந்த வகுப்பில் இருக்கிற தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது உதவும். நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார்.

குவைத்தில் இருக்கிற அக்காவோடு வட்ஸ்அப்பில்தான் பேசுவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து அக்கா எடுத்தால் நமக்குச் செலவில்லை என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண கோலுக்கு அது சரி. வட்ஸ்அப்புக்குச் சரியில்லை, வருகிற கோலிலும் உங்கள் டேட்டா போகும். குரல் மட்டும் என்றால் ஒரு மணி நேரம் பேசினாலும் ஏறக்குறைய 30 எம்பிதான். முகம் பார்த்துப் பேசினால் அதைப்போலப் பத்து மடங்கு. முகம் பார்க்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது, அக்கா ஊரைவிட்டு எத்தனை வருடமாகிறதோ. முதல் ஐந்து நிமிடம் முகம் பார்த்துவிட்டுப் பிறகு வீடியோவை அணைத்துப் பேசுங்கள். தெரியாத வெளிநாட்டு நம்பரில் இருந்து மிஸ் கோல் வந்தால் அக்காவாக இருக்குமோ என்று திருப்பி எடுக்க வேண்டாம். ஒரு மணி அடித்து நிறுத்தி, நம்மைத் திருப்பி எடுக்க வைத்துக் காசு பறிக்கிற கூட்டம் இருக்கிறது. அதேபோல "இலவசமாக 50 ஜிபி" என்று வட்ஸ்அப்பில் வருகிற லிங்கை யாரும் தொடாதீர்கள், பத்துப் பேருக்கு அனுப்பவும் வேண்டாம். எந்தக் கம்பனியும் அப்படிக் கொடுப்பதில்லை.

உங்கள் கணவரின் 1,100ஐப் பற்றி. அவர் கொழும்பில் இருக்கிறார், அங்கே மூன்று கம்பனியும் பிடிக்கும். ஆகவே அவர்தான் உங்களுக்கு ஏற்ப மாற வேண்டும், நீங்கள் அவருக்கு ஏற்ப மாற முடியாது. உங்கள் வாசலில் எந்தக் கம்பனி நின்று பிடிக்கிறதோ அதிலேயே அவரும் ஒரு சிம் எடுத்தால், அதே கம்பனிக்குள் பேசுகிற பக்கேஜை இருவரும் பாவிக்கலாம். அது அனேகமாக எல்லாக் கம்பனிக்கும் பேசுகிற பக்கேஜைவிட விலை குறைவு. பழைய நம்பரை எறிய வேண்டாம். கடை முதலாளியிடமும் வங்கியிலும் அந்த நம்பரைக் கொடுத்திருப்பார். இரண்டு சிம் போடுகிற போன் என்றால் இரண்டாவதில் இருக்கட்டும், இடைக்கிடை சிறு தொகை ரீலோட் போடட்டும். நீண்ட காலம் ரீலோட் போடாமல் விட்டால் நம்பர் வெட்டப்பட்டு வேறு ஒருவருக்குப் போய்விடும், வங்கியின் இரகசிய எண்ணும் அந்த வேறு ஒருவருக்கே போகும். இன்னொன்று. உங்கள் டிவிசன் கடையில் ரீலோடுக்கு மேலதிகமாக இரண்டு, ஐந்து ரூபாய் எடுக்கிறார்கள் என்றால், கணவரையே கொழும்பில் இருந்து உங்கள் நம்பருக்குப் போடச் சொல்லுங்கள். ஈசி கேஷ், எம்கேஷ் போன்ற போன் வழிப் பணச் சேவைகள், வங்கிச் செயலி எதில் இருந்தும் போடலாம், பக்கத்துக் கடையில் உங்கள் நம்பரைச் சொல்லியும் போடலாம்.

புதிய சிம் எடுக்கும்போது உங்கள் சொந்தத் தேசிய அடையாள அட்டையில் எடுங்கள். பஸ் நிலையத்தில் குடை விரித்து சிம் விற்கிறவரிடம் அவசரத்தில் யாருடைய பெயரிலோ எடுத்த சிம் பல வீடுகளில் இருக்கிறது. போன் தொலைந்தால் அதே நம்பரை மறுபடி எடுக்க அந்த யாரோ ஒருவர் வர வேண்டும். புதிய போன், பழைய போன் எது வாங்கினாலும் முதலில் அதில் *#06# அழுத்தி வருகிற 15 இலக்கத்தைப் பாருங்கள். ஐஎம்இஐ (IMEI) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது பதிவான போனா என்று பதில் வரும். பதில் வந்த பிறகு காசைக் கொடுங்கள்.

மாமியாரின் பட்டன் போனை மாற்ற வேண்டாம். அதன் பட்டரி நாட்கணக்கில் நிற்கும், பள்ளத்திலும் பிடிக்கும், விழுந்தாலும் உடையாது. அவருக்கு நிறைய நாள் செல்லுபடியாகும் சிறிய ரீலோட் ஒன்று போதும். ஆனால் அவரின் சிம் மட்டும் உங்கள் சிம்மின் கம்பனியாக இருக்கக் கூடாது என்பேன். புயலைப் பற்றி முன்னால் சொன்னேனே, அதற்காகத்தான். ஒரு கோபுரம் விழுந்தால் அந்தக் கம்பனியின் எல்லாச் சிம்மும் ஒன்றாக ஓயும். வீட்டில் வேறு கம்பனியின் சிம் ஒன்று, சார்ஜ் நிற்கிற போனில் இருந்தால், மண் சரியும் என்று பயப்படுகிற இரவில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுக்கவோ கணவருக்கு ஒரு வார்த்தை சொல்லவோ ஒரு வழி மிச்சமிருக்கும். மழைக்காலம் தொடங்கினால் அந்தப் போனை தினமும் சார்ஜ் போட்டு வையுங்கள்.

இந்த வாரம் மூன்று சிம்மையும் இரவு ஏழரைக்குச் சோதித்துப் பாருங்கள், நான்கு போனிலும் ஓடுகிற சேவைகளை நிறுத்துங்கள். புதிய சிம் எதையும் அதற்கு முன் வாங்க வேண்டாம். சம்பளம் எடுத்த பிறகு ஒரு மாதத்துக்கு, யார் போனுக்கு என்றைக்கு எவ்வளவு போட்டீர்கள் என்று மகளின் பழைய கொப்பியில் எழுதி வாருங்கள். பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். உங்கள் வாசலில், மதகில், மாமியாரின் கட்டில் பக்கத்தில் எந்தக் கம்பனி எத்தனை கோடு காட்டியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்போது பெயரைச் சொல்லியே, இந்த சிம்மை எடுங்கள் என்று உங்களுக்குச் சொல்வேன்.